யொஹான்னாவின் படி

பெப்ரவரி 3, திங்கள்

இந்த டயரியை ஒரு மாணிக்கக்கல் கடைக்காரர் கொடுத்தார். மாதத்துக்கு ஒரு கல்லின் படம். ஜனவரி முழுவதும் ஒரு சொல்லும் எழுதாததால் நீலக்கல் வீணாகப் போய்விட்டது. பெப்ரவரிக்கு வைடூரியம். பூனைக்கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. சரி, எழுதுகிறேன்.

இன்று பதினொரு பேர். கப்பலில் வந்தவர்கள், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். கொழும்புக் கோட்டைக்குள் இரண்டரை மணித்தியால நடை. ஒரு காலத்தில் வெளிச்சவீடாகவும் இருந்த மணிக்கூட்டுக் கோபுரம், ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியாக இருந்து இப்போது சாப்பாட்டுக் கடைகளாகிவிட்ட கட்டடம், வெள்ளைக்காரன் கட்டிய வங்கிகள். ஒரு மனுசி, "இவ்வளவு பெரிய கட்டடங்களில் இப்போது யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். "காவலாளிகள்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் பகிடி விடவில்லை.

ஐந்து மணிக்கு வழக்கம்போலப் படிகளில் முடித்தேன். ஒரு பழைய பண்டசாலையின் பின்சுவரில் மூன்று கருங்கல் படிகள். மேலே இருந்த வாசலை எப்போதோ செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள், அதனால் படிகள் எங்கேயும் போவதில்லை. நடுப்படி மட்டும் கிண்ணம் போலத் தேய்ந்திருக்கும். அங்கேதான் யொஹான்னா கதை. ஒல்லாந்து எழுத்தர் ஒருவரின் மனைவி. கணவன் காலிக்குப் போய்வருகிறேன் என்று கப்பல் ஏறினான், திரும்பவில்லை. அவள் ஒவ்வொரு நாளும் ஐந்து மணிக்கு வந்து நடுப்படியில் குந்தி இருந்தாள். இருபத்திரண்டு வருடம் இருந்தாள். கல் தேய்ந்தது. அந்தப் படியில் இருந்து ஒருவரை நினைத்தால் அவர் திரும்பி வருவார் என்பது ஐதீகம். ஐதீகம் என்று சொல்லும் இடத்தில் குரலைக் கொஞ்சம் இறக்க வேண்டும். அது தொழில்.

பதினொரு பேரும் ஒவ்வொருவராக இருந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு கிழவர் எழும்பவே மாட்டேன் என்றார்.

வீட்டுக்கு வந்தால் ஒரு கடிதம். நகரத்தை அழகுபடுத்தும் திட்டமாம். யொஹான்னாவின் படிக்கு மும்மொழியில் பலகை வைக்கப் போகிறார்கள். மூத்த வழிகாட்டி என்ற முறையில் என்னை வரச்சொல்லி இருக்கிறார்கள்.

பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தினம். பாதை எல்லாம் மூடியாயிற்று. காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

பெப்ரவரி 6, வியாழன்

போனேன். கடிதம் அனுப்பிய அதிகாரி மிஸ்டர் விதானகே, நல்ல மனிதர், கந்தோர் அறை முழுக்கப் பூச்சாடி வைத்திருக்கிறார். நாங்கள் பேசியது சிங்களத்தில், இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

மேசையில் ஒரு படத்தை விரித்தார். படிகளைச் சுற்றிச் சங்கிலி. பக்கத்தில் ஆளுயரப் பலகை. சிங்களம், தமிழ், ஆங்கிலம். கீழே சின்ன எழுத்தில்: மூலம், வாய்மொழி மரபு, திருமதி தவநேசன்.

"நீங்கள்தான் சாட்சி, மிசிஸ் தவநேசன்" என்றார்.

"சங்கிலி எதற்கு?"

"எல்லோரும் இருந்து இருந்து கல் தேய்கிறது. யொஹான்னா இருந்த இடத்தைப் பாதுகாக்க வேண்டாமா?"

பிளேன்டீ தந்தார்கள். குடித்துவிட்டு வந்துவிட்டேன். பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. இந்த டயரியை வாசிக்க ஒருவரும் இல்லை என்பதால் இங்கே எழுதிவிடலாம்: யொஹான்னா என்று ஒருத்தி இருந்ததே இல்லை. அவளை உண்டாக்கியது நான். நடுப்படி தேய்ந்தது மூட்டை இறக்கி இறக்கி. அதை எனக்குச் சொன்னது அந்தப் பண்டசாலையில் மூட்டை சுமந்த ஒரு நாட்டாமை, அவர் போய்ச் சேர்ந்தும் பத்து வருடம் ஆகிறது.

பெப்ரவரி 9, ஞாயிறு

இன்று ருவனின் கூட்டமும் எங்கள் கூட்டமும் படியில் முட்டிக்கொண்டன. ருவன் என்னோடு ஒரே வருடம் லைசன்ஸ் எடுத்தவன். கடைசிப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடிக்கொண்டிருக்கிறான். மற்றவனுடைய கதையை எடுத்துச் சொல்வது எங்கள் தொழிலில் களவு இல்லை. நல்ல கதை என்றால் ஒரு மாதத்தில் எல்லோருடைய வாயிலும் இருக்கும். யொஹான்னாவை அவன் என்னைவிட நன்றாகச் சொல்கிறான். அவனுடைய யொஹான்னா கையில் ஒரு விளக்கு வைத்திருக்கிறாள், கடைசி நாளில் மழை பெய்கிறது. இரண்டு பெண்கள் அழுதார்கள்.

எல்லோரும் பஸ்ஸில் ஏறிய பிறகு என்னிடம் வந்தான். தமிழில் பேச வேண்டும் என்று அவனுக்கு ஒரு பிடிவாதம்.

"அக்கா, நீங்க ஏன் எப்பவும் அஞ்சு மணிக்கு இங்க? மூணு மணிக்கு முடிங்க. அஞ்சு மணிக்கு கெஸ்ட் எல்லாம் செத்துப் போச்சி."

"அந்த நேரம்தான் இங்கே நிழல் விழும்" என்றேன்.

"காலைல டூர்ல நிழல் இருக்குதானே. நீங்க காலைல டூர் எடுக்கிறதே இல்ல."

"காத்தும் வேணுமெல்லோ."

அவன் மேலே பார்த்தான். அந்த மூலையில் காற்று என்ற ஒன்று வீசியதே இல்லை. இருந்தாலும் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

பெப்ரவரி 12, புதன்

போயா, பௌர்ணமி விடுமுறை. கங்காராமை விகாரையில் பெரஹெர ஊர்வலம். வெளிநாட்டுக்காரர் ஐந்து பேரை யானைக்குக் கிட்டப் போகவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றதில் தோள்மூட்டு போய்விட்டது.

வீட்டுக்கு வந்தால் மச்சாள் இன்னும் படுக்கவில்லை. என் கணவருடைய அக்கா, பரமேஸ்வரி. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு சாவகச்சேரியில் இருந்து வந்தவர், வெள்ளவத்தையில் இந்த வாடகை அனெக்ஸில் நாங்கள் இரண்டு பேரும்தான். கதிரையில் நிமிர்ந்து இருந்தார். நிமிர்ந்து இருந்தால் சண்டைதான்.

"பதினெட்டு வருஷமாகப் போகுது. அவன்ர ஆத்மா அந்தரிச்சுக்கொண்டு நிக்குது. பங்குனிக்கு முன்னம் கீரிமலைக்குப் போய் அந்தியேட்டியைச் செய்துபோட்டு வருவம்."

"அது செத்தவைக்குச் செய்யிறது மச்சாள்."

"அப்ப ஆள் எங்க? எங்க இருக்கிறான் எண்டு காட்டு பாப்பம். நீ பொட்டு வைச்சுக்கொண்டு பாக்கிற மாதிரி நானும் உன்னோட சேர்ந்து பாத்துக்கொண்டிருக்கிறன்."

"உங்களுக்குத் தம்பி. எனக்கு மனுசன். நான் ஓம் எண்டு சொல்லாமல் ஐயர் மாவிளக்கும் ஏத்த மாட்டார்."

"உனக்கு நெஞ்சில ஈரமில்லை."

"நடந்து நடந்து காஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். அவர் வைத்திருந்த இடியப்பத்தைச் சாப்பிடவில்லை. இப்போது பசிக்கிறது. எழும்பிப் போனால் மச்சாள் வென்றதாக ஆகிவிடும்.

பெப்ரவரி 14, வெள்ளி

காதலர் தினமாம். நடுப்படியில் ஏழு ரோசாப்பூ, ஒரு இனிப்புப் பெட்டி, யாரோ ஒரு பெண்பிள்ளையின் தலைப்பட்டி. யொஹான்னாவுக்கு நல்ல வரும்படி. பூவை ஒதுக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். வழக்கம்போல ஐந்து ஐம்பதுக்கு எழும்பினேன்.

பெப்ரவரி 18, செவ்வாய்

இன்று போய்ச் சொல்லிவிட்டேன். பலகை வைத்துவிட்டால் பிறகு அது என்றைக்கும் உண்மை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து கொப்பியில் எழுதிக்கொண்டு போவார்கள். அந்தப் படியில் இருந்தவள் யொஹான்னா என்று ஆகிவிடும், வேறு ஒருத்தரும் இருந்ததில்லை என்றும் ஆகிவிடும். அது எனக்குப் பொறுக்கவில்லை.

"மிஸ்டர் விதானகே, அந்தக் கதை பொய். நான் கட்டினது."

அவர் பூச்சாடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "எந்தப் பகுதி?"

"முழுவதும். பெயர்கூட. அன்றைக்கு வந்த கூட்டத்தில் ஒரு மனுசிக்கு யொஹான்னா என்று பெயர்."

சிரித்தார். எனக்கு எதிரே வந்து இருந்தார். "களைத்துப் போயிருக்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். ஓட்டோக்காரர் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். மூன்று புத்தகத்தில் வந்திருக்கிறது. என் மகளுக்கு ரீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இதை நீங்கள் ஒரு ஆள் எப்படிக் கட்டியிருக்க முடியும்? யாரோ சொல்லக் கேட்டிருப்பீர்கள், கேட்டதை மறந்திருப்பீர்கள்."

"கேட்கவில்லை."

"மிசிஸ் தவநேசன், ஜூனில் உங்கள் லைசன்ஸ் புதுப்பிக்க வருகிறது. பதினெட்டு வருடமாக விருந்தினருக்குப் பொய் சொன்ன வழிகாட்டி என்று நான் எங்கேயாவது எழுத வேண்டுமா? நீங்கள் சொன்னது என் காதில் விழவில்லை."

மிரட்டவில்லை. உண்மையாகவே எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். சொந்தப் பொய்யைப் பொய் என்று சொன்னாலும் நம்ப ஆளில்லாத நிலை எனக்குத்தான் வந்திருக்கிறது.

பெப்ரவரி 19, புதன்

காய்ச்சல் போல. டூர் இரண்டையும் ருவனுக்குக் கொடுத்தேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு

மச்சாள் கோயிலுக்குப் போய்விட்டார். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. எழுதுவதானால் இப்போதுதான்.

2007இல் நான் கோட்டையில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் தட்டெழுத்தாளர். இவர் இரண்டு தெரு தள்ளி ஒரு கப்பல் முகவரிடம் எழுத்தராக இருந்தார். வேலை விட்டதும் அந்தப் படியில் சந்தித்து, சேர்ந்து பஸ் எடுப்போம். நான் லேஞ்சியை விரித்து நடுப்படியில் இருப்பேன். அதில் இருந்தால் இடுப்புக்குச் சுகம், அவ்வளவுதான். வரும்போது கடலை வாங்கி வருவார். பாதியை வரும் வழியிலேயே சாப்பிட்டிருப்பார்.

மார்ச் இருபதாம் திகதி, செவ்வாய்க்கிழமை. மத்தியானம் போன் எடுத்து, "ஐஞ்சு மணிக்கு வாறன், குடை கொண்டுவந்தனியே?" என்று கேட்டார். கொண்டுவந்திருந்தேன். ஐந்து மணிக்கு அவர் வரவில்லை. இருட்டும்வரை இருந்தேன். கந்தோரில் கேட்டால் நாலேமுக்காலுக்கே வெளிக்கிட்டுவிட்டார் என்றார்கள். இரண்டு தெரு. அந்த யுத்த நாட்களில் அப்படி எத்தனையோ தமிழர் காணாமல் போனார்கள், பிறகு ஒரு தகவலும் வராது. முறைப்பாடு கொடுத்தேன், எழுதினார்கள். ஆஸ்பத்திரி, மறியற்சாலை, கமிஷன், எல்லா வாசலிலும் நின்றாயிற்று. அதையெல்லாம் எழுத எனக்குத் தெம்பில்லை.

ஐந்து மணிக்கு வருகிறேன் என்றவர். எந்த நாள் ஐந்து மணிக்கு என்று சொல்லவில்லையே என்று எனக்குள் ஒரு எண்ணம். அதனால் அடுத்த நாளும் போய் இருந்தேன். அதற்கடுத்த நாளும். மூன்றாம் கிழமை சோதனைச்சாவடிக்காரன் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒவ்வொரு நாளும் இங்கே என்ன வேலை?" என்றான். தமிழ்ப் பெண், தனியாக, கோட்டைக்குள், ஒரு வேலையும் இல்லாமல். அன்றைக்கு இரண்டு மணித்தியாலம் வைத்து விசாரித்தார்கள். "இனி இங்கே உம்மைக் காணக்கூடாது" என்று சொல்லி வெளியே விட்டார்கள்.

பேப்பரில் வழிகாட்டிப் படிப்புக்கு விளம்பரம் வந்திருந்தது. ஆறு மாதம். முதல் முறையாக அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போன அன்று அதே ஆள், அதே சாவடியில். "கைட்" என்றேன். தலையாட்டிவிட்டு வழிவிட்டான். அந்தப் படியில் இருக்க எனக்கு வேறு வழி இருக்கவில்லை. ஊரில் எல்லோரும், பாவம், மனுசன் போன பிறகு சொந்தக்காலில் நிற்கிறாள் என்று மெச்சினார்கள். நான் நிற்பதற்குப் படிக்கவில்லை. இருப்பதற்குப் படித்தேன்.

முதல் கூட்டத்திலேயே ஒரு மனுசி கேட்டுவிட்டார்: "இங்கே ஏன் நிறுத்தினீர்கள்? பார்க்க ஒன்றும் இல்லையே." அவர் நெஞ்சில் பெயர் அட்டை குத்தியிருந்தார், யொஹான்னா என்று. எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். ஒரு ஒல்லாந்துப் பெண் இருந்தாள், கணவன் வரவில்லை, ஐந்து மணிக்கு வந்து இருப்பாள். சொல்லி முடிக்கும்போது எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். என் கதையைக் கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன். யொஹான்னாவுக்கு நடந்தது என்பதால் அழாமல் சொல்ல முடிந்தது. பதினெட்டு வருடமாக அப்படித்தான்.

மச்சாளுக்கு இந்தப் படியைப் பற்றித் தெரியாது. தம்பி கந்தோர் வாசலில் காணாமல் போனான் என்று மட்டும்தான் தெரியும். நான் சொல்லவில்லை. பைத்தியக்காரி என்று சொல்வார்.

மார்ச் 3, திங்கள்

மார்ச்சுக்குக் கடல்நீலக் கல்.

விதானகே போன் எடுத்தார். மொழிபெயர்ப்பாளர் பிரசவ லீவில் போய்விட்டார். தமிழை நான் எழுதித் தர முடியுமா? சிங்களமும் ஆங்கிலமும் தயாராம், அனுப்புகிறாராம்.

"எப்படிப் பார்த்தாலும் உங்கள் கதைதானே" என்றார்.

"பார்த்துத் திருத்த ஆள் இருக்கா?"

"தமிழை இங்கே யார் பார்க்கப் போகிறார்கள், மிசிஸ் தவநேசன்? நீளம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். ஒன்பது வரி. தமிழ் எப்போதும் நீண்டுவிடுகிறது என்று பலகை செய்பவர் அழுகிறார்."

ஒத்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்வதற்கும் களைப்பாக இருந்தது.

மார்ச் 5, புதன்

ஆங்கிலத்தைப் பார்த்தேன். ருவனின் விளக்கும் மழையும் உள்ளே வந்துவிட்டன. காலையில் இருந்து நாலு தரம் தமிழில் எழுதிப் பார்த்தேன். "ஒல்லாந்தர் காலத்தில் யொஹான்னா என்னும் மாது" என்று தொடங்கினால் கை அங்கேயே நிற்கிறது. மற்ற இரண்டு மொழியிலும் என்னால் பொய் சொல்ல முடிகிறது. தமிழில் ஏன் முடியவில்லை என்று தெரியவில்லை. தமிழ்க் கூட்டம் ஒன்றுக்கும் இந்தக் கதையை நான் சொன்னதில்லை என்பது இப்போதுதான் எனக்கே உறைக்கிறது. தமிழர் வந்தால் மணிக்கூட்டுக் கோபுரத்தோடு முடித்து அனுப்பிவிட்டு, தனியாக வந்து இருந்திருக்கிறேன்.

மார்ச் 8, சனி

ஒன்பது வரி. ஒரு மனுசனை ஒன்பது வரிக்குள் வைக்க வேண்டும். குடையை வெட்டினேன். கடலையை வெட்டினேன். சிரித்தால் இடப்பக்கப் பல் ஒன்று இல்லாதது தெரியும், அதையும் வெட்டினேன். அன்று போட்டிருந்த சேட்டின் நிறத்தை இரண்டு தரம் வெட்டிவிட்டுத் திருப்பி எழுதினேன். யாராவது கண்டிருந்தால் சேட்டைத்தான் நினைவு வைத்திருப்பார்கள்.

மார்ச் 10, திங்கள்

கொடுத்துவிட்டேன். விதானகே தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, பென்சிலால் வரிகளை எண்ணினார். ஒன்பது. "அருமை" என்றார். கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். பஸ்ஸில் இருக்கும்போதுதான் யோசனை வந்தது. ஜூனில் லைசன்ஸ் வராமல் போகலாம். ஐம்பத்தாறு வயதில் எனக்கு வேறு தொழிலும் தெரியாது. பயமாக இருக்கிறது, ஆனால் தாளைத் திரும்ப வாங்க மனம் இல்லை.

மார்ச் 13, வியாழன்

பலகை செய்பவர் போன். "தமிழில் எண் வருகிறது, மற்ற இரண்டிலும் இல்லை, சரிதானா?" சரிதான் என்றேன்.

மார்ச் 20, வியாழன்

இருபதாம் திகதி. மச்சாள் மரக்கறி மட்டும் சமைத்தார். பின்னேரம் படிக்குப் போனால் சங்கிலி போட்டுவிட்டார்கள். பலகையைச் சீலையால் மூடியிருக்கிறார்கள். ஒரு காவலாளியும் வைத்தாயிற்று. சங்கிலிக்கு வெளியே ஐந்து ஐம்பது வரை நின்றேன். பதினெட்டு வருடத்தில் நான் அங்கே நின்றது இதுதான் முதல் தரம்.

மார்ச் 26, புதன்

அழைப்பிதழ் வந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணி. இரண்டு பேருக்கு.

மச்சாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கிழமை ஒரு விழா இருக்கு மச்சாள், வாறியளோ?" என்று கேட்டுவிட்டேன்.

"எனக்கென்ன விளங்கும் அங்க? எல்லாம் சிங்களமும் இங்கிலீசும்."

"தமிழிலயும் எழுதியிருக்கு."

என்னை ஒரு பார்வை பார்த்தார். "எந்தச் சீலை உடுக்கிறது?" என்றார்.

மார்ச் 28, வெள்ளி

முழுவதையும் எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

மச்சாள் கத்தரிப்பூச் சீலை உடுத்தார், கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி. ருவன் குடும்பத்தோடு வந்திருந்தான். வழிகாட்டிகள் பத்துப் பேர், கந்தோர்க்காரர், குத்துவிளக்கு, பால்சோறு. விதானகே பேசினார். காதலும் காத்திருப்பும் இனம் மொழி கடந்தவை என்றார். கைதட்டினார்கள். என் பெயரையும் சொன்னார், எழும்பிக் கும்பிட்டேன். பலகையை மூடிய சீலையை இழுத்தார்கள்.

எல்லோரும் சிங்களத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பால்சோற்றுப் பக்கம் போனார்கள். மச்சாள் மட்டும் கைப்பையில் இருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பலகைக்குக் கிட்டப் போனார். அவருக்கு எதையும் மனதுக்குள் வாசிக்கத் தெரியாது. தேவாரப் புத்தகம் என்றாலும் மரண அறிவித்தல் என்றாலும் சத்தமாகத்தான் வாசிப்பார். விரலை வரியில் வைத்து வாசித்தார்.

"இவை ஒல்லாந்தர் காலத்துப் பண்டசாலையின் படிகள். நடுப்படி தேய்ந்தது மூட்டை இறக்கியதால். யொஹான்னா என்று ஒருத்தி இருந்ததில்லை. இங்கே காத்திருந்தவள் ஒரு தட்டெழுத்தாளர். அவள் கணவர் சின்னத்துரை..."

விரல் நின்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இன்னும் சத்தமாகத் தொடர்ந்தார்.

"...சின்னத்துரை தவநேசன், வயது நாற்பத்தொன்று, நீலக்கோடு போட்ட சேட். 2007 மார்ச் 20 அன்று ஐந்து மணிக்கு இங்கே வருவதாகச் சொன்னவர். வரவில்லை. அவரைக் கண்டவர் எவரும் ஐந்து மணிக்கு இங்கே வந்து சொல்லலாம். நான் இருப்பேன்."

விதானகே பால்சோற்றுத் தட்டோடு வந்து, "உங்கள் சொந்தக்காரரா? எவ்வளவு அழகாக வாசிக்கிறார்!" என்றார். ருவனைப் பார்த்தேன். அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது, கேட்டால் விளங்கும். அவன் என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தான். அதில் இருந்த பெயரைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

மச்சாள் என் பக்கம் திரும்பினார். "இங்கையோ இருந்தனீ?"

"ஓம்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம் மச்சாள். டூர் முடிஞ்சு."

"எனக்குச் சொல்லேல்லை."

"பைத்தியம் எண்டு சொல்லுவியள்."

"பைத்தியம்தான்" என்றார். அழுதார். நானும் அழுதேன், சனத்துக்கு நடுவில், சீலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு. கந்தோர்க்காரர் யொஹான்னாவுக்காக அழுகிறோம் என்று நினைத்து மரியாதையாக விலகி நின்றார்கள்.

பந்தலைக் கழற்றிக்கொண்டு எல்லோரும் போக நாலேமுக்கால் ஆயிற்று. மச்சாள் படியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சீலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு சங்கிலிக்குக் கிட்டப் போனார். காவலாளி ஓடி வந்து, உள்ளே போகக்கூடாது என்றான். நான் வழக்கம்போல அட்டையைத் தூக்கிக் காட்டினேன். "கைட்" என்றேன். கைட்டுக்கும் இல்லை என்றான். அப்போது, போகாமல் நின்ற ருவன் வந்து சங்கிலியைக் கொக்கியில் இருந்து கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். காவலாளி அவனைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், தன் கதிரைக்குப் போய்விட்டான்.

நடுப்படியில் இரண்டு பேர் இருக்க இடம் போதாது. மச்சாளை அதில் இருத்திவிட்டு நான் கீழ்ப்படியில் இருந்தேன். தடவிப் பார்த்தார். "இடுப்புக்குச் சுகமாத்தான் இருக்கு" என்றார்.

மணிக்கூட்டுக் கோபுரத்தில் ஐந்து ஆயிற்று. கீழ்ப்படியில் இருந்ததில் நாரி வலி, இடுப்பை நிமிர்த்த எழும்பப் போனேன். மச்சாள் என் தோளைப் பிடித்து அமத்தினார்.

"எங்க போறாய்? ஐஞ்சு மணி எண்டு நீ எழுதினது பிழை. அவன் எந்த நாளில சொன்ன நேரத்துக்கு வந்தவன்? பள்ளிக்கூடத்துக்கே அரை மணித்தியாலம் பிந்தித்தான் போவான். ஐஞ்சரை எண்டு போட்டிருக்கோணும்."

ஐந்தரை வரைக்கும் இருந்தோம். பிறகு இன்னும் இருபது நிமிடம் இருந்தோம். அதன் பிறகு நூறாம் நம்பர் பஸ் எடுத்து வீட்டுக்கு வந்து, மத்தியானச் சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட்டோம்.